உறுப்பு மாற்றமும் உடைமையும்
(ஒரு மடிக்கணினியை முன்னிறுத்திய அறவியல் விசாரணை)

பொருளுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவினை ஆராய்தல் மெய்யியலுக்குப் புதியதன்று. கிரேக்கர் கப்பலை எடுத்துக்கொண்டனர். பௌத்தர் தேரை எடுத்துக்கொண்டனர். நியாய வைசேடிகர் குடத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டனர். அவ்வக் காலத்து மக்களின் கைக்கெட்டிய பொருள்களே அவ்வக் காலத்து மெய்யியலாளர்க்கு எடுத்துக்காட்டுகளாயின. நம் காலத்து மாணவரின் கைக்கு எட்டியதும், பல வேளைகளில் எட்டாததுமாகிய பொருள் மடிக்கணினி ஆகும். அதனை முன்னிறுத்தி உடைமை, நினைவு, முழுமை என்னும் மூன்று கருத்துக்களை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விசாரணைக்குரிய களமாக நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களைக் கொள்ளுகின்றோம். மேற்கூறிய மூன்றும் நூலறிவோடு நின்றுவிடாது வாழ்க்கைப் பிரச்சினைகளாகவே உள்ள இடம் அது என்பதே காரணம்.

பொருளும் சூழலும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழி நிகழலாயின. அதுவரை ஆய்வுகூடத்துக்குரிய கருவியாகவோ வசதியுள்ளோரின் துணையாகவோ இருந்த கணினி, ஒரே மாதத்தில் வகுப்பறையின் வாசற்கதவாயிற்று. ஈராண்டு கழித்து, 2022 மார்ச் மாதத்தில், இலங்கை ரூபா மிதக்கவிடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை யாவும் அதனோடு ஏறின.

இதனைத் தோட்டத் தொழிலாளரின் கூலியோடு ஒப்பிட்டு நோக்கல் தகும். 2021 மார்ச் மாதத்தில்தான் தேயிலைத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,000 ரூபா எனச் சட்டப்படி விதிக்கப்பட்டது. ஒன்றரை இலட்சம் ரூபா விலையுள்ள ஒரு கணினி, அக்கணக்கின்படி, ஒரு தாயின் 150 நாட் கொழுந்து ஆகும். உணவுக்கும் உடைக்கும் சேமலாப நிதிக்கும் ஒரு சதமும் கழியாதிருந்தாலே அக்கணக்கும் பொருந்தும். ஆதலின் மலையகத்து மாணவர் பலருக்குக் கிடைத்தவை பிறர் பாவித்துக் கழித்த, பத்தாண்டு கடந்த கணினிகளே. அவற்றை எங்ஙனம் பயன்கொள்வது என்ற கேள்வியிலிருந்தே நமது விசாரணை தொடங்குகின்றது.

அத்தகைய கணினியொன்றில் வழக்கமாக மாற்றப்படும் உறுப்புகள் மூன்று. முதலாவது நினைவகம். செயலி தான் அவ்வேளையில் கையாளும் தரவுகளை விரித்து வைத்துக்கொள்ளும் மேசை போன்றது இது. மேசை சிறிதாயின் தாள்களை அடிக்கடி அலுமாரிக்குள் வைத்தெடுக்க நேரும். நினைவகம் குறைந்த கணினி ஊர்வதற்குக் காரணம் அதுவே. நான்கு கிகாபைற்றை எட்டாகவோ பதினாறாகவோ உயர்த்தினால் அவ்விடர் நீங்கும். ஆயின் எந்தப் பலகையும் எந்தக் கணினியிலும் பொருந்தாது. மூன்றாந் தலைமுறைப் பலகைக்கு 204 தொடுமுனைகளும், நான்காந் தலைமுறைப் பலகைக்கு 260 தொடுமுனைகளும் உண்டு. வெட்டுவாயின் இடமும் வேறு. தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவும் வரையறுக்கப்பட்டது.

இரண்டாவது சேமிப்பகம். பழைய கணினிகளில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு. தட்டின் உரிய இடத்தைத் தேடி ஊசிமுனை அசைந்து சென்று படிக்க வேண்டும்; ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெக்கனுக்கு மேற் செல்வதுண்டு. அசையும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகத்தில் அதே வேலை அதனினும் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். நடைமுறையில் பழைய கணினியொன்றுக்குப் புத்துயிர் அளிப்பதில் இம்மாற்றத்துக்கு நிகரானது பிறிதில்லை. மூன்றாவது கம்பியில்லாத் தொடர்பு அட்டை. திரையின் ஓரமாக ஓடும் இரு மெல்லிய அலைவாங்கிக் கம்பிகள் அதனோடு இணைக்கப்பட்டிருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறிந்த பழைய அட்டைக்குப் பதிலாக 5 கிகாஹேர்ட்ஸையும் அறிந்த ஒன்றை இடலாம்.

அறவியலை இச்சிறு உறுப்புகளிலிருந்து தொடங்குவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். எனினும் நினைவகம் முழுமை பற்றிய வினாவையும், சேமிப்பகம் நினைவு பற்றிய வினாவையும், தொடர்பு அட்டை உடைமை பற்றிய வினாவையும் நம்முன் கொணர்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

முழுமையும் உறுப்பும்

நினைவகம் மாற்றி, சேமிப்பகம் மாற்றி, தொடர்பு அட்டையும் மாற்றிய பின்னர் இருப்பது பழைய கணினியா, புதிய கணினியா? அடுத்த ஆண்டு மின்கலமும் விசைப்பலகையும் மாற்றப்படுமாயின் விடை வேறுபடுமா?

புளூட்டாக் எழுதிய தீசியஸ் வரலாற்றில் இவ்வினா பழைய வடிவிற் காணப்படுகின்றது. தீசியஸின் கப்பலை ஆதென்ஸ் மக்கள் பேணிவந்தனர். இற்ற பலகையை நீக்கிப் புதியதை இட்டனர். அது அதே கப்பலா அன்றா என்பதிலே தத்துவவாதிகள் இரு கட்சியாயினர். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இதனை மேலும் சிக்கலாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மீண்டும் பூட்டினால் இரு கப்பல்கள் உளவாகும். அவற்றுள் தீசியஸின் கப்பல் எது என்று அவர் வினவினார்.

நம் நாட்டில் நன்கறியப்பட்ட மிலிந்தபஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைப் பற்றி வினவுகின்றார். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று. இவற்றின் சேர்க்கைக்கு நாம் வழங்கும் பெயரே தேர் என்பது அவர் துணிபு. நியாய வைசேடிகர் இதற்கு மறுதலையாக, உறுப்புகளின் வேறான முழுமையொன்று உண்மையாகவே உளது என்றனர். ஆயின் அவர்தம் கொள்கைப்படி ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கும். நாகசேனரைப் பின்பற்றினால் கணினி என ஒன்று முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வைசேடிகரைப் பின்பற்றினால் திருகாணி ஒன்றை மாற்றியவுடன் நம் கையிலிருப்பது வேறொரு கணினி. இரண்டும் தருக்கத்துக்கு இசைந்தனவாயினும் பொருளோடு வாழும் மனிதனின் அனுபவத்துக்கு இசைந்தனவாகத் தோன்றவில்லை.

ஹொப்ஸின் புதிரை விளங்கிக்கொள்ளக் கிரேக்கம் வரை செல்ல வேண்டியதில்லை. கண்டிக்கு அருகே ஹந்தானை மலையில் 1925 இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று, 2001 முதல் நூதனசாலையாக உள்ளது. பழைய உருட்டு பொறிகளும் உலர்த்திகளும் அங்கே துடைத்து மெருகிட்டு வைக்கப்பட்டுள்ளன. அவை அசைவதில்லை. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்கும் மலைநாட்டுத் தொழிற்சாலைகள் சிலவற்றில் அதே வகைப் பொறிகள் இன்றும் ஓடுகின்றன. நீராவியும் நீர்ச்சக்கரமும் ஓட்டிய காலம் போய் மின்மோட்டர் ஓட்டுகின்றது. வார்ப்பட்டை மாறியது, தாங்கி மாறியது, மேசையின் பித்தளைத் தகடும் மாறியது. ஹந்தானையில் உள்ளது பழைய பலகைகளாலான கப்பல்; ஸ்டோரில் உள்ளது பலகை மாறிய கப்பல். இவற்றுள் எது உருட்டு பொறி?

அப்பொறியோடு வேலை செய்யும் தொழிலாளி இவ்வினாவுக்குத் தயங்காது விடை கூறுவார். கொழுந்தை உருட்டுவதே உருட்டு பொறி. கருவி ஒன்றின் தன்னொருமை அதன் சடப்பொருளில் இல்லை. அது செய்யும் தொழிலின் தொடர்ச்சியிலும், அத்தொழிலை அதனிடம் பெற்று அதனைப் பேணிவரும் கைகளின் தொடர்ச்சியிலும் உளது. பழையவை நீங்கிப் புதியவை புகுதல் காலத்தின் இயல்பாதலின் குற்றமன்று என்று மொழிக்கு நன்னூலார் வகுத்த விதியும் இதனோடு ஒத்ததே. சொற்கள் மாறியும் மொழி அதே மொழியாக இருப்பது, அதனைப் பேசுவோரின் தொடர்ச்சியினால் அன்றோ? ஆகவே மூன்று உறுப்பும் மாற்றப்பட்ட கணினி அதே கணினிதான். மாணவி அதிற் கற்கின்றாள்; கற்பதற்காகவே அதனைப் பேணுகின்றாள்.

இவ்வளவுகோலை ஏற்றுக்கொண்டால் அதன் விளைவையும் ஏற்றல் வேண்டும். தோட்டம் என்னும் அமைப்பை இதே அளவுகோலால் அளந்து பார்ப்போம். தோட்டங்களில் முதலில் இருந்த பயிர் கோப்பி. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் பின்வந்த ஆண்டுகளிற் கோப்பியை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் உடைமை அரசுக்கு மாறியது. 1992 இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியது. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த பதியச் செடிகள், விதைச் செடிகளின் இடத்தைப் பல மலைகளிற் பிடித்தன. பயிர், உடைமையாளர், முகாமை, செடி என உறுப்புகள் யாவும் மாறின. மாறாதிருந்தது யாது? குறைந்த கூலிக்குக் கிடைக்கும் உழைப்பு என்னும் அடிப்படையும், அவ்வுழைப்பை அடைத்துவைக்கும் லயமும் ஆகும். தொழிலின் தொடர்ச்சியே தன்னொருமை எனின், தோட்டம் இன்றும் அதே தோட்டம்தான்.

உறுப்பு மாற்றம் என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று என்பது இதனாற் பெறப்படும். எந்த நோக்கம் தொடர்வதற்காக உறுப்பு மாற்றப்படுகின்றது என்பதே அறவியல் வினா. கற்றல் தொடர்வதற்காகக் கணினியின் உறுப்பை மாற்றுதல் நன்று. சுரண்டல் தொடர்வதற்காக அமைப்பின் உறுப்பை மாற்றுதலைச் சீர்திருத்தம் என்று அழைத்தல் தகாது.

நினைவும் பொறுப்பும்

ஜோன் லொக் தமது மனித விளக்கம் பற்றிய நூலின் 1694 ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒருவனை நேற்றைய அவனாகவே ஆக்குவது அவனது உடலன்று, அவனது நனவின் தொடர்ச்சியே என்று வாதிட்டார். கடந்ததைத் தன்னுடையதென நினைவு கூர இயலும் வரையில் அவன் அவனே. இக்கொள்கைக்கு எதிராகப் பல தடைகள் எழுப்பப்பட்டுள்ளன. எனினும் கணினியின் சேமிப்பகத்தை மாற்றும்பொழுது நாம் லொக்கின் மாணவர்களாகவே நடந்துகொள்கின்றோம். பழைய தட்டிலிருந்த கோப்புகள் புதியதற்குப் படியெடுக்கப்பட்டனவா என்பதே நமது முதற் கவலை.

கணினியின் இருவகை நினைவுகளையும் ஈண்டு வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நினைவகத்தில் ஒவ்வோர் எண்குறியும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றிற் பிடித்து வைக்கப்படுகின்றது. மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால், ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றவுடன் யாவும் மறையும். 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, மின்கலம் தேய்ந்த பழைய கணினிகளில் சேமியாதிருந்த எழுத்து எத்தனை முறை மறைந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். சேமிப்பகமோ மறவாதது. அதன் இடர் மறுதலையானது: மறக்கச் சொன்னாலும் அது எளிதில் மறவாது. ஒரு கோப்பை அழிக்கும்போது வழக்கமாக அழிவது அக்கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும் குறிப்பே. உள்ளடக்கம் வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை தட்டில் இருக்கக்கூடும்.

ஆகவே பிறர் பாவித்த கணினியை வாங்குபவர் பல வேளைகளில் பிறரது வாழ்வின் ஒரு பகுதியையும் அறியாது வாங்கிவிடுகின்றார். ஒரு குடும்பத்தின் ஒளிப்படங்கள், ஒருவரின் மருத்துவ அறிக்கை, ஒருத்தி எழுதி அனுப்பாது விட்ட மடல் ஆகியவை அதில் இருக்கலாம். தட்டுக்கு விலை கொடுத்தாயிற்று. அதிலுள்ளவையும் தமக்குரியவை ஆகுமா? வீட்டை விலைக்கு வாங்கியவன் சுவரலுமாரியில் முன்னையோர் மறந்துவிட்ட நாட்குறிப்பைக் காண்கின்றான். நாட்குறிப்பின் தாள் அவனுக்குரியதாகலாம்; அதிலுள்ள அந்தரங்கம் அவனுக்குரியதன்று. கொள்கலத்தின் உடைமை உள்ளடக்கத்தின் உடைமையாகாது என்பதே நாம் இங்குப் பெறும் நெறி. விற்பவருக்கு முறைப்படி துடைத்துக் கொடுக்கும் கடமையும், வாங்குபவருக்குப் படியாது அழிக்கும் கடமையும், இடையில் நிற்கும் பழுதுபார்ப்பவருக்கு இருவர் நம்பிக்கையையும் காக்கும் கடமையும் உண்டு. வைத்தியரின் கடமைக்கு ஒப்பானதாகவே மூன்றாமவரின் கடமையை மதித்தல் வேண்டும்.

நினைவைக் காத்தல் என்பது மலையக மக்களுக்கு வெறும் உவமையன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வமிசாவளியால் குடியுரிமை கோருவோர் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையைக் காட்ட வேண்டுமென்றது. பிறப்பைப் பதியும் வழக்கம் லயங்களில் அரிதாக இருந்த காலத்துச் சந்ததியினரிடம் அத்தகைய சான்று எங்ஙனம் இருக்கும்? அவர்களைப் பற்றிய ஏடுகள் இருந்தன. ஆனால் அவை செக்ரோல் என்னும் வேலைப் பதிவேடாகத் தோட்ட அலுவலகத்தில் இருந்தன. எத்தனை நாள் உழைத்தார்கள் என்பது பிறரின் ஏட்டில் இருந்தது. எங்கே பிறந்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லாது போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்குப் பொதுவான தீர்வு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே கிட்டியது. சான்றின்மை ஒரு சமூகத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக நாடற்றோராக்கியது.

அச்சமூகத்தின் மாணவியொருத்தி தன் கணினியின் புதிய சேமிப்பகத்திற் பாட்டியின் பிறப்புச் சான்றிதழையும், தாயின் சம்பளத் துண்டுகளையும், தான் பதிவுசெய்த முதியோர் வாய்மொழிக் கதைகளையும் இட்டு வைக்கின்றாளெனின், அச்செயலின் பெறுமதியைக் கிகாபைற்றினால் அளத்தல் இயலாது. திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் ஆயுள் வரம்பு உண்டு. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கலங்கள் சிறிது தேய்கின்றன. ஆதலின் ஒரே இடத்தில் வைத்த நினைவு பாதுகாப்பற்ற நினைவு. இரண்டாவது பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல் தொழில்நுட்பச் சிக்கனத்துக்கு அப்பால் வரலாற்றுக் கடமையுமாகும்.

உடைமையும் திறக்கும் உரிமையும்

மூன்றாவது உறுப்புக்கு வருவோம். பழைய கணினிகள் சிலவற்றில் தொடர்பு அட்டையை மாற்றிவிட்டு மின்விசையைத் திறந்தால், அனுமதிக்கப்படாத அட்டை பொருத்தப்பட்டுள்ளது, அதனை அகற்றுக என்னும் அறிவித்தலோடு கணினி நின்றுவிடும். அட்டையிற் பழுதில்லை, பொருத்தியதிலும் பிழையில்லை. தாம் ஏற்றுக்கொண்ட அட்டைகளின் பட்டியலொன்றைத் தொடக்க மென்பொருளில் எழுதிவைத்து, அப்பட்டியலில் இல்லாததை மறுக்கும் முறையை லெனோவோ, எச்பி முதலிய நிறுவனங்கள் தம் வகைகள் சிலவற்றிற் கையாண்டு வந்தன. வேறு நிறுவனங்கள் பட்டியலும் வேண்டாவெனக் கருதி உறுப்பையே தாய்ப்பலகையில் ஒட்டிவிட்டன. அப்பிள் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட மெல்லிய மக்புக் எயாரில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசிடப்பட்டிருந்தது. பின்னர் அம்முறை பிற நிறுவனங்களின் மெல்லிய கணினிகளிலும் பரவியது. அவற்றை வாங்கும் நாளிற் குறிக்கப்பட்ட நினைவே அவற்றின் வாழ்நாள் நினைவு.

இவற்றுக்குச் சொல்லப்படும் நியாயங்களை நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். கம்பியில்லாக் கருவி அலைவெளியிற் பேசுவது; அலைவெளி பொதுச்சொத்து. அட்டையும் அலைவாங்கியும் சேர்த்தே அரச விதிகளின்படி சோதிக்கப்படுகின்றன. எவரும் எதனையும் பொருத்தலாமெனின் அச்சோதனை பொருளற்றதாகும் என்பர். நினைவகத்தைச் செயலிக்கு அருகே ஒட்டுவதால் வேகம் கூடுகின்றது, மின்செலவு குறைகின்றது, கருவி மெலிகின்றது என்பர். இவை பொய்யல்ல. ஆயின் அலைவெளியைக் காப்பதே நோக்கமெனின், அதே விதிகளின்படி சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற வேறு நிறுவனத்தின் அட்டையை மறுப்பதற்குக் காரணமில்லை. மெலிவும் வேகமும் நோக்கமெனின், பற்றாசிட்டது பழுதுபட்டவிடத்து மாற்றித்தரும் கடமையை நிறுவனம் நெடுங்காலம் ஏற்றல் வேண்டும். நியாயம் கூறிப் பெற்ற உரிமைக்கு நிகரான கடமை இல்லாதவிடத்து, அந்நியாயம் வணிகத்தின் முகமூடி என்று ஐயுறுதல் தவறாகாது.

இதன் அடியில் உள்ள வினா உடைமை என்பது யாது என்பதே. ஒரு பொருளை உடையவன் என்பான் அதனைப் பாவிக்கவும், திருத்தவும், மாற்றவும், பிறர்க்குக் கொடுக்கவும் உரியவன் என்றே பொதுவாகக் கருதுகின்றோம். விலை முழுவதும் செலுத்திய பின்னரும் திறக்கவும் திருத்தவும் பிறர் அனுமதி வேண்டுமெனின், அவன் பெற்றது உடைமையன்று, குடியிருப்பு.

குடியிருப்பு என்னும் சொல் மலையகத்தில் தனிப்பொருள் உடையது. பிரித்தானியர் காலத்திற் கட்டப்பட்ட லயக் காம்பராவில் ஒரு குடும்பம் நான்கு ஐந்து தலைமுறை வாழ்ந்திருக்கும். அடுப்பு புகைகின்றதென்று சுவரிற் சாளரம் வைக்க, பிள்ளைகள் வளர்ந்தனரென்று பின்புறம் ஓர் அறை இறக்க, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டியது இடிக்கப்படலாம். கூரையைத் திருத்தும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்பர். ஒழுகும் கூரையின்கீழ் மாதக்கணக்காகக் காத்திருப்பது குடும்பத்தினுடையது. திருத்தும் பொறுப்பைத் தான் வைத்துக்கொண்டு திருத்தாமலும், திருத்த முனைவோரைத் தடுத்தும் நிற்கும் இந்நிலையைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். அனுமதிப் பட்டியலோடு கூடிய கணினி அவர்கள் முன் நிற்கும்போது அவர்கள் காண்பது புதுமையை அன்று, பழகிய முகத்தையே.

லொக், 1689 இல் வெளியான தமது அரசியற் கட்டுரைகளில், தன் உழைப்பை எதனோடு கலக்கின்றானோ அது அவனுக்குரியதாகின்றது என்றார். காடு வெட்டி, கல் பிளந்து, கான் அமைத்து, கவ்வாத்து வெட்டி, ஒன்றரை நூற்றாண்டு உழைப்பைக் கலந்தோர்க்கு அம்மலையில் வீடு கட்டச் சொந்தக் காணி இல்லாதிருந்தது. 2015 இன் பின்னர் தனிவீட்டுத் திட்டங்களின்கீழ் ஏழு பேர்ச்சஸ் காணி வழங்கப்படலாயிற்று. அது சிலருக்குக் கிட்டியது, பலருக்கு இன்னும் கிட்டவில்லை. உழைப்பு உடைமையைத் தரும் என்னும் கொள்கை யாருக்குப் பிரயோகிக்கப்பட்டது, யாருக்குப் பிரயோகிக்கப்படவில்லை என்பதை வரலாறு காட்டும். கணினிக்கும் காணிக்கும் பெறுமதியில் மலையளவு வேறுபாடு உண்டு. இரண்டையும் சமமாக்குதல் நமது நோக்கமன்று. ஆயின் திருத்தும் உரிமையே உடைமையின் உரைகல் என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவானது.

இந்நெறியை உலகம் மெல்ல ஏற்று வருகின்றது. பிரான்சு 2021 முதல் மடிக்கணினி முதலிய பொருள்களுக்குப் பழுதுபார்க்கத்தகு அளவைப் புள்ளியிட்டு விற்குமிடத்திற் காட்டுமாறு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுதுபார்த்தலை ஊக்குவிக்கும் பணிப்பாணையை நிறைவேற்றியது. சட்டம் அறத்தின் முழுமையன்று. எனினும் அறவுணர்வு சட்டமாகும்போதே வலிமையற்றோர்க்குப் பயன்படுகின்றது.

சிக்கனம் யாருடைய அறம்?

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக இரண்டு தடைகள் எழலாம். முதலாவது, உறுப்பை உயர்த்துதலும் ஒருவகை ஆசையே. இன்று எட்டுக் கிகாபைற், நாளை பதினாறு என அது வளரும் என்பது. இத்தடையில் உண்மையுண்டு. போதுமானது எது என்ற வினாவைக் கேளாது செய்யப்படும் உயர்த்தல் நுகர்வின் வேறு வடிவமே. ஆயின் தேவைக்கேற்ற உறுப்பு மாற்றம் ஆசையைத் தணிப்பது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானதே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. கணினியொன்றைச் செய்வதற்குச் செலவாகும் உலோகமும் நீரும் ஆற்றலும் மிகப் பெரியவை. அதன் மின்தேக்கிகளுக்குரிய தந்தாலம் கொங்கோவின் சுரங்கங்களில் வறியோர் கையால் தோண்டப்படுவதுமுண்டு. தேநீர்க் கிண்ணத்தின் பின்னால் கொழுந்து பறித்த கை மறைந்திருப்பதுபோலக் கணினியின் பின்னாலும் கைகள் மறைந்துள்ளன. ஒரு கணினியின் ஆயுளை ஐந்தாண்டு நீட்டுதல் அக்கைகளின் உழைப்பை மதித்தலாகும். கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கு இதனை நெடிது விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை இதனினும் வலியது. பழுதுபார்த்தலை அறமென்று போற்றுவது, வறியோர் பழையதைக் கொண்டு அமைதியுற வேண்டும் என்று உபதேசிப்பதாகாதா? வசதியுள்ளோர் புதியதை வாங்க, வசதியற்றோர் பொறுமையை வாங்குவதா?

இத்தடையை நாம் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. பீதுருதலாகலை இலங்கையின் அதியுயர் மலை. 2,524 மீற்றர் உயரமுடையது. 1982 முதல் நாட்டின் தேசியத் தொலைக்காட்சிக்குரிய பிரதான அலைபரப்பி அதன் உச்சியில் உள்ளது. ஆயின் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் மலையகத்து மாணவர் பலர் இணையவழி வகுப்பில் கலந்துகொள்ளச் சமிக்ஞை தேடி மேடுகளில் ஏறியமை நாடறிந்தது. பள்ளத்தாக்கின் லயத்தை அலை எட்டாதவிடத்து எத்துணை உயர்ந்த தொடர்பு அட்டையைப் பொருத்தியும் பயனில்லை. அட்டை தனிமனிதரின் முயற்சி. கோபுரம் பொதுவின் கடமை. முன்னையது பின்னையதற்கு ஈடாகாது. தனிமனிதரின் சிக்கனத்தைப் புகழ்ந்து பொதுக்கடமையை மறக்கச் செய்யும் எப்பேச்சும் அறப்பேச்சன்று.

ஆகவே பழுதுபார்த்தலை வறுமையின் அறமாக அன்றி உடைமையின் அறமாகவே நாம் கொள்ளுதல் வேண்டும். அது செல்வருக்கும் பொருந்தும். செல்வருக்கே அதிகம் பொருந்தும், ஏனெனிற் கழித்தெறியும் ஆற்றல் அவர்களிடமே உளது. பல்கலைக்கழகங்களும் திணைக்களங்களும் கம்பனிகளும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கழிக்கும் கணினிகளை முறையாகத் துடைத்து, நினைவகமும் சேமிப்பகமும் மாற்றி, தோட்டப் பாடசாலைகளுக்கு வழங்குவதைத் தானமாகக் கருதாது கடமையாகக் கருதலாம். மாணவர் சங்கங்கள் திருகாணி கழற்றும் பயிற்சியையும் தரவைத் துடைக்கும் பயிற்சியையும் நடத்தலாம். கருவியின் உள்ளே இருப்பதை அறிந்தவன் அதன்முன் அடிமையாவதில்லை.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகின்றனர். வெட்டிய மலையைக் காணும் புதியவருக்கு அது பாழ்நிலமாகவே தோன்றும். சில மாதங்களில் அதே வேரிலிருந்து புதுக்கொழுந்து எழும். வேரைக் காத்துக் கிளையை மாற்றும் இவ்வறிவு மலையகத் தொழிலாளரின் கைகளில் நெடுங்காலமாக உள்ளது. எதனை மாற்றுவது, எதனைக் காப்பது, மாற்றும் உரிமை யாருக்குரியது என்னும் மூன்று வினாக்களையும் கணினியைக் குறித்துக் கேட்கப் பழகிய மாணவர், அவற்றையே வீட்டைக் குறித்தும், காணியைக் குறித்தும், தம் சமூகத்தின் நினைவைக் குறித்தும் கேட்கத் தொடங்குவர். அவ்வாறு கேட்கும் ஆற்றலை வளர்ப்பதே பல்கலைக்கழகக் கல்வியின் பயன் என்பது இக்கட்டுரையின் துணிபு.